வாங்குபவர் வீட்டில் தொடங்கும் புதுமை: குமரி மாவட்டச் சிறு பிராண்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் நேந்திரங்காய் சிப்ஸ், மார்த்தாண்டம் தேன், கருப்பட்டி, முந்திரிக்கொத்து, ஊறுகாய் என்று நம் ஊர்ச் சரக்கு கடைகளில் நிறைந்திருக்கிறது. சரக்கில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பத்துப் பாக்கெட்டுகளை அருகருகே வைத்து, பெயரை மட்டும் விரலால் மறைத்தால் எது யாருடையது என்று தயாரித்தவருக்கே அடையாளம் தெரியாது. அதே மஞ்சள் கவர், அதே திருவள்ளுவர் சிலைப் படம், அதே ‘தரம், சுவை, நம்பிக்கை’.

இந்த நிலையை மாற்ற நினைக்கிற, நாலு பேரோ நாற்பது பேரோ வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் அடுத்த புதுமையை உங்கள் வாடிக்கையாளர் தன் வீட்டில் ஏற்கெனவே பாதி செய்து வைத்திருக்கிறார். கவரைப் பிரித்து டப்பாவில் கொட்டுகிறார். நீங்கள் நினைத்தே பார்க்காத வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறார். வாங்கிய கையோடு வேறு மாதிரி கட்டித் தரச் சொல்கிறார். சில நாள் திட்டுகிறார். அதைப் போய்ப் பார்த்து, சின்ன அளவில் செய்து பார்த்து, என்ன ஆனது என்று அவரிடமே திரும்பிச் சொல்ல வேண்டும். இந்த வேலையைச் செய்தால் வாடிக்கையாளரை ஈர்க்க என்று தனியாகப் பெரிய விளம்பரத் திட்டம் போட வேண்டியிருக்காது.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்திருக்கின்றன. 2003-ல் நோக்கியா 1100 வந்தபோது அதில் கேமரா இல்லை, வண்ணத் திரை இல்லை. கரண்ட் போகும் வீட்டுக்கு ஒரு டார்ச் இருந்தது, தூசி உள்ளே போகாத கீபேட் இருந்தது, வியர்த்த கையிலிருந்து வழுக்காத உடல் இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த போனில் இருந்த ஒவ்வொன்றும் நம்மைப் போன்றவர்களின் அன்றாடத்தைப் பார்த்து எடுத்த முடிவு.

படி 1: ஒரு சரக்கு, ஒரு வகை வாடிக்கையாளர்

எல்லாச் சரக்கையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கக் கிளம்பாதீர்கள். ஒன்றை எடுங்கள். அதை யார் யார் வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலச் சாயாவுக்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் தக்கலை வீட்டுக்காரர் ஒருவர். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியாக வளைகுடாவுக்குப் போகும் குடும்பம் இன்னொன்று. கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரிக்கு வண்டி வண்டியாக வந்திறங்கும் ஐயப்ப பக்தர்கள் மூன்றாவது. சென்னை ஹாஸ்டலுக்குத் திரும்பும் மாணவர்கள் நான்காவது. வாங்குவது ஒரே சிப்ஸ், தேவை நாலு விதம்.

இதில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் வளைகுடாக் குடும்பங்களில் தொடங்குங்கள் என்பேன். அவர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள், நாள் குறித்து வாங்குகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பிடித்தால் அந்த ரூமில் இருக்கும் பத்துப் பேருக்கும் பெயர் தெரிந்துவிடும்.

படி 2: போய் நில்லுங்கள்

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் பணமும் பில்லும்தான் தெரியும். பொருளை வாங்கியவர் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு சிப்ஸ் கடையருகே ஒரு சாயங்காலம் நின்றால் இந்தக் காட்சி நிச்சயம் கிடைக்கும். ஒரு அக்கா ஒரு கிலோ கேட்கிறார். கடைத் தம்பி பெரிய கவரை ஊதிப் பிரிக்கிறார். “ஒண்ணாப் போடாதீங்க தம்பி. நாலாப் பிரிச்சுக் கெட்டுங்க, நாலு வீட்டுக்குக் குடுக்கணும்” என்கிறார் அக்கா. தம்பி நாலாகக் கட்டுகிறார். “இது பிளேன்ல போற சாதனம், நல்லா டைட்டாக் கெட்டணும்” என்று அடுத்த உத்தரவு. கவருக்கு மேல் கவர் போட்டு, உள்ளங்கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பிரவுன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார். அமுக்கும்போது உள்ளே சிப்ஸ் நொறுங்கும் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்கிறது. இரண்டு பேருமே ஒன்றும் சொல்வதில்லை. பிறகு அந்த அக்கா பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, “கவரோட சேர்த்து எவ்வளவு வரும்?” என்று கேட்கிறார். மறுபடி தராசில் ஏறுகிறது.

மேலே நடந்ததை மெதுவாக இன்னொரு தரம் படியுங்கள். நாலாகப் பிரித்தது, நொறுங்கியது, மொத்த எடையைக் கேட்டது. இந்த மூன்றிலும் ஒரு புதுப் பொருள் கிடக்கிறது. சட்டைத் துணிகளுக்கு நடுவே படுக்க வைக்கிற மாதிரி தட்டையான, கெட்டியான ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே 250 கிராமில் நாலு பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் யாருக்கு என்று பேனாவால் எழுத ஒரு வெள்ளை இடம். பெட்டியோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு என்று மூடியில் பெரிய எழுத்தில். ருசியில் ஒரு மாற்றமும் இல்லை, புது மெஷினும் வேண்டாம். அந்த அக்கா வாய்விட்டுக் கேட்டதையும் கேட்காமல் விட்டதையும் சேர்த்துப் பெட்டியாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நிற்கும்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். யார், எங்கே, கையால் என்ன செய்தார், வாயால் என்ன சொன்னார் என்று நாலு பத்தி போதும். ‘இவருக்கு விலைதான் முக்கியம்’ என்பது போன்ற உங்கள் தீர்ப்பை அங்கேயே எழுதாதீர்கள். ‘இரண்டு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார்’ என்று கண்ட காட்சியை எழுதுங்கள். தீர்ப்பை அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதலாம்.

கடைக்கு வெளியே பார்த்தது போதாது, வீட்டுக்குள்ளும் போக வேண்டும். பழகிய வாடிக்கையாளர் ஐந்து பேரிடம் அனுமதி கேட்டு, அடுக்களையில் உங்கள் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் கூடப் போவது நல்லது, பேச்சு இயல்பாக வரும். தேன் பாட்டில் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கிறதா? சிப்ஸ் பாக்கெட்டின் வாயில் ரப்பர் பேண்டா, கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பா? கருப்பட்டியை உடைக்க அம்மிக்குழவியா, கத்தியா? உடைத்த துண்டு எந்த அளவில் இருக்கிறது? கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளருக்கு எவ்வளவு போடுகிறார்களோ அந்த அளவிலேயே வார்த்துக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதுதான் வரும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “புதுசா இப்படி ஒண்ணு கொண்டு வந்தா வாங்குவீங்களா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே மனம் நோகச் சொல்ல மாட்டார்கள். “கொண்டு வாங்க மக்கா, பாப்போம்” என்பார்கள். அதை ஆர்டர் என்று நினைத்து ஐயாயிரம் கவர் அடித்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், அன்று வீட்டில் என்ன விசேஷம், யார் முதலில் பிரித்தது, மிச்சத்தை என்ன செய்தீர்கள், அதற்கு முந்தின தடவை ஏன் வேறு கடையில் வாங்கினீர்கள். நடந்த கதையில் பொய் குறைவு.

படி 3: திட்டைச் சேமித்து வையுங்கள்

பாக்கெட்டில் விற்கும் பொருளில் புகார் சொல்ல ஒரு பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. பலர் இதைச் சட்டத்துக்காக எறும்பு எழுத்தில் ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். அதற்கு வரும் அழைப்பை வாரத்தில் ஒரு நாளாவது முதலாளியே எடுங்கள். இதைவிட மலிவான ஆராய்ச்சிக் கூடம் கிடைக்காது.

1996-ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயி தன் ஹையர் வாஷிங் மெஷினில் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று புகார் சொன்னார். போய்ப் பார்த்தால் அவர் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார், மண் போய்க் குழாயை அடைத்திருந்தது. அவருக்கு உபதேசம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த நிறுவனம் குழாயை அகலமாக்கி, கிழங்கும் கழுவக்கூடிய மெஷினைச் செய்து விற்றது.

நம் ஊருக்கு வருவோம். தேன் விற்கும் ஒவ்வொருவருக்கும் பழக்கமான திட்டு ஒன்று உண்டு: “பாட்டிலுக்கு அடியில உறைஞ்சு கெடக்கு, சீனிப்பாகு கலந்துட்டீங்க.” தேனில் உள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவது இயற்கை. குளிர்ந்தால் இன்னும் வேகமாக நடக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் கேட்கவே வேண்டாம். உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். இதை லேபிளில் இரண்டு வரியில் எழுதலாம், அது முதல் பலன். இரண்டாவது பலன் இன்னும் பெரிது. உறைந்த தேனையே பலர் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், சிந்தாமல் ரொட்டியில் தடவ முடிகிறது என்பதற்காக. 1930-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்டன் டைஸ் என்பவர், நுண்ணிய படிகமுள்ள தேனைக் கொஞ்சம் விதையாகச் சேர்த்து 14 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் மொத்தத் தேனும் வெண்ணெய் போல மிருதுவாக உறையும் என்று ஒரு முறையை உருவாக்கினார். இன்று மேலை நாடுகளில் அது தனி ரகமாகவே விற்கிறது. நம் ஊர் வெயிலில் அந்தத் தேன் இளகிப் பிரிந்துவிடும் வாய்ப்பு உண்டு, அதனால் அகல வாய் பாட்டிலில் கொஞ்சம் செய்து சித்திரை வெயிலில் வைத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. ஆனால் யோசனை வந்த இடத்தைக் கவனியுங்கள். திட்டிலிருந்து வந்தது.

தேனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையம் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பியது. 1937-ல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவு சங்கம் வந்தது. அதற்கப்புறம் 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து கூடுகள் கூட்டமாக அழிந்தன. அதிலிருந்தும் மீண்டு வந்த தொழில் இது. நம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்தில் கிடைக்கிறது. ரப்பர் இலை உதிர்ந்து தைக்குப் பிறகு துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் வருகிறது. தேனீ எடுப்பது பூவில் இருந்து அல்ல, அந்தக் காம்பில் இருந்து. இதை எத்தனை தேன் பாட்டிலில் பார்த்திருக்கிறீர்கள்? எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பூவின் படம்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. இங்கே லேபிளைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படிக்க ஏதாவது கொடுங்கள்.

படி 4: ஊர் நாட்காட்டியை மேசையில் விரியுங்கள்

தீபாவளி, பொங்கல் என்று எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான நாட்களில் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டியிருக்கும். நமக்கென்று தனி நாட்கள் நிறைய இருக்கின்றன. ஆவணியில் ஓணம். மாசியில் மண்டைக்காடு கொடை, சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். டிசம்பர் 3-ல் முடியும் கோட்டார் சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், தையில் நாகராஜா கோவில் திருவிழா, கார்த்திகைக்குத் தெரளி இலையில் அவித்த கொழுக்கட்டை, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பலகாரம். ஒவ்வொன்றிலும் மக்கள் எதையோ தேடுகிறார்கள், எதையோ சிரமப்பட்டுச் செய்கிறார்கள்.

சிவாலய ஓட்டத்தையே எடுங்கள். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவில்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் பக்தர்கள் ஓடுகிறார்கள். கையில் விசிறி, இடுப்பில் சின்னப் பை. அந்தப் பையில் என்ன இருக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன தின்கிறார்கள், வெயில் ஏறியதும் எதைத் தூக்கி எறிகிறார்கள் என்று பாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு கையால் தின்னக்கூடிய, உருகாத, தாகம் எடுக்க வைக்காத பண்டம் எது? அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், மலையேறுகிறவர்களுக்கும் நீண்ட தூர லாரி ஓட்டுநருக்கும் கூடப் பொருந்தும்.

தோவாளைப் பூச்சந்தை இன்னொரு பள்ளிக்கூடம். விடியற்காலையிலேயே பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தி என்று குவிந்து, வெயில் ஏறுவதற்குள் விலை பலமுறை மாறிவிடும். ஓணத்துக்கு முந்தின நாட்களில் கேரளத்து வியாபாரிகள் வந்து குவிவார்கள். வாங்குகிறவர் எந்த அளவில், எந்த நிறத்தில், எந்தக் கட்டில் கேட்கிறார் என்று ஒரு காலை பார்த்தால் நிறங்களை எப்படிச் சேர்க்க வேண்டும் என்பது பிடிபடும். அதே ஊரில் அரளியை மடித்து மடித்துப் பாய் பின்னியது போலக் கட்டும் மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பரிசுப் பெட்டிக்கு ஒரு வடிவம் வேண்டுமென்றால் இணையத்தில் தேட வேண்டாம், அந்த மாலை கட்டும் கைவினைஞருக்கு உரிய கூலி கொடுத்து வடிவத்தை வாங்குங்கள்.

புவிசார் குறியீடு என்றதும் ஒரு எச்சரிக்கை. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் கிடைத்திருக்கிறது, கிராம்புக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் இருக்கிறது. அதனால் யார் வேண்டுமானாலும் அந்த முத்திரையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்த பிறகே போட வேண்டும். அதேபோல மட்டிப் பழமும் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடியும் நாம் காலங்காலமாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பதுதான், ஆனாலும் லேபிளில் ‘குழந்தை உணவு’ என்று எழுதினால் நீங்கள் வேறொரு சட்ட வட்டத்துக்குள் போய்விடுகிறீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யவே 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. தேன் விற்பவர்கள் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம் என்று தாங்களாகவே லேபிளில் எழுத வேண்டும். அப்படி எழுதும் கடையைத் தாய்மார்கள் மறக்க மாட்டார்கள்.

படி 5: ஐம்பது பெட்டி மட்டும்

யோசனை கிடைத்ததும் நேரே சிவகாசிக்கு ஓட வேண்டாம். அச்சடித்த பவுச் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளைக்கான சிலிண்டர் சார்ஜ், அதற்கு மேல் இத்தனை கிலோ எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை. முதல் சுற்றுக்கு வெறும் கவரும் ஒட்டும் லேபிளும் போதும். நம் சிப்ஸ் பெட்டிக்கு உள்ளூர் பிரஸ்ஸில் ஐம்பது அட்டைப் பெட்டி வெட்டி வாங்கலாம். சோதனைச் சரக்குதானே என்று எடை, விலை, தயாரித்த தேதி, பதினாலு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எதையும் விட்டுவிடக் கூடாது.

தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எது நடந்தால் இதைத் தொடர்வேன், எது நடந்தால் விட்டுவிடுவேன். உதாரணத்துக்கு, ஐம்பது பெட்டி வாங்கியவர்களில் பத்துப் பேர் மூன்று மாதத்துக்குள் மறுபடி கேட்டால் தொடர்வது. எண் உங்கள் தொழிலைப் பொறுத்தது. முன்கூட்டி எழுதாவிட்டால் நாலு பேர் பாராட்டியதே வெற்றியாகத் தெரியும். பாராட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், இரண்டாவது முறை வாங்கியதை மட்டும் எண்ணுங்கள்.

கையில் கொடுத்துப் பார்க்க வேண்டிய பொருளை விளம்பரத்தில் மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ஒட்டிப் பிரிக்கும் சின்னக் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் கதை நல்ல சாட்சி. 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் சரியாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். பல வருஷம் அதற்கு ஒரு வேலையும் இல்லை. 1974-ல் அவரோடு வேலை பார்த்த ஆர்ட் ஃபிரை, சர்ச் கொயரில் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள் விழுந்து விழுந்து போகிறதே என்று அந்தப் பசையைத் தடவிப் பார்த்தார். 1977-ல் நாலு நகரங்களில் விற்பனைக்கு வைத்தபோது போகவில்லை. அடுத்த வருஷம் பாய்சி என்ற ஊரில் இலவசமாகவே கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள், பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் நாடு முழுக்க விற்பனை. ருசி பார்க்கத் தட்டில் நாலு சிப்ஸ் நீட்டும் பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். புதுசு எதையும் முதலில் கையில் கொடுங்கள்.

கெடாமல் இருக்கும் காலத்தைச் சோதிப்பதில் நமக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று வருஷத்தில் இரண்டு பருவமழை. பங்குனியில் மொறுமொறுப்பாக இருந்த சிப்ஸ் ஆனியில் நமத்துப்போகும். தேங்காய் எண்ணெயில் பொரித்ததில் சிக்கு வாடை வருவதும் இப்படித்தான் தெரியாமல் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பாக்கெட்டை எடுத்துக் கடையின் சாதாரண அலமாரியிலேயே வைத்து, வாரம் ஒன்றைப் பிரித்து மோந்து, தின்று, நோட்டில் எழுதுங்கள். பிறகுதான் ஆய்வகத்துக்கு அனுப்பித் தேதி முடிவு செய்வது. வாழை, கிழங்கு, மசாலா போன்றவற்றில் யோசனை கேட்க திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிராண்ட் பெயரை வணிக முத்திரையாகப் பதிவதையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள். பதிவு பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

படி 6: வாடிக்கையாளருக்கு ஒரு பங்கு கொடுங்கள்

கடலூரிலிருந்து கிளம்பிய சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ தொடங்கிய கதை பலருக்குத் தெரியும். பாக்கெட் ஷாம்பூ அவருக்கு முன்பே வந்துவிட்டது. அவர் செய்தது வேறு. கிராமங்களுக்குப் போய் ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பூ போட்டு, கூடியிருந்தவர்களைத் தொட்டும் மோந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்த கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டு வந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள், பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வாங்குகிறவர் கையால் ஏதோ ஒரு வேலை செய்தார், அதற்குப் பலன் கிடைத்தது. ஈடுபாடு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ரசிகர் அனுப்பும் வடிவத்துக்கு 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தயாரிப்புக்கு வந்தால் அவருக்கு நிகர விற்பனையில் ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். யோசனையை வாங்கிக்கொண்டு கைதட்டி அனுப்புவது சுரண்டல்.

நம் ஊரில் இதை எப்படிச் செய்வது? மீன்குழம்பு மசாலா விற்கிறீர்கள் என்று வையுங்கள். குளச்சலில் வைப்பது ஒரு மாதிரி, முட்டத்தில் இன்னொரு மாதிரி. மேற்கே போகப் போகக் குடம்புளி, இந்தப் பக்கம் வாளன்புளி. தேங்காயை வறுத்து அரைப்பவர்கள், பச்சையாய் அரைப்பவர்கள். சாளைக்கு ஒன்று, சூரைக்கு ஒன்று. இவ்வளவு வித்தியாசத்தையும் ‘ஃபிஷ் மசாலா’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டோம். பாக்கெட்டில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, உங்கள் வீட்டு முறையைக் குரல் பதிவாக அனுப்புங்கள் என்று கேளுங்கள். எழுதச் சொன்னால் சமைக்கத் தெரிந்த பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். பேசச் சொன்னால், “முதல்ல மண்சட்டிய நல்லா கழுவிக்கணும் பிள்ளே” என்று தொடங்கி முழு விவரமும் சொல்வார்கள். வந்ததில் மூன்றை எடுத்துச் சமைத்துப் பார்த்து, ஒன்றைச் சிறிய அளவில் வெளியிடுங்கள். அனுப்பியவரின் சம்மதத்தோடு ஊர்ப் பெயரைப் பாக்கெட்டில் போடுங்கள், எத்தனை ரூபாய் என்று முன்பே பேசி எழுத்தில் கொடுங்கள். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி, ஏன் இந்த முறை எடுத்தோம் என்பதையும் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். வாடிக்கையாளர் ஏதாவது சொல்லிவிட்டு, அது எங்கே போனது என்று தெரியாமல் காத்திருக்கிறார். “மூடி திறக்கவே முடியலன்னு சொன்னீங்க அக்கா, இந்த மாசத்திலேருந்து மூடிய மாத்தியாச்சு” என்று ஒரு குரல் பதிவு அனுப்ப அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் கிடைத்தவர் வேறு கடைக்குப் போவது கஷ்டம். முடியாது என்றாலும் சொல்லுங்கள்: “விலையைக் குறைக்கக் கேட்டீங்க, தேங்காய் எண்ணெய் இந்த விலையில இருக்கும்போது பாமாயில் கலக்காம முடியாது, கலக்க எங்களுக்கு மனசில்ல.” மறைக்காமல் சொன்ன காரணத்துக்கு மரியாதை உண்டு.

வாட்ஸ்அப் பற்றி ஒரு குறிப்பு. ஒளிபரப்புப் பட்டியலில் (broadcast list) அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். அதனால் சேமிக்க ஒரு காரணம் கொடுங்கள்: முதல் ரப்பர்த் தேன் எடுக்கும் நாள், புது ஏத்தன் குலை வந்த நாள், திருவிழாக் காலத்தில் கடை திறந்திருக்கும் நேரம். குட்மார்னிங் படமும் ரோஜாப்பூவும் அனுப்புகிற எண்ணை மக்கள் முடக்கிவிடுவார்கள். சம்மதம் கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். வாடிக்கையாளர் எண் பட்டியலை இன்னொரு கடைக்குக் கைமாற்றுவது நம்பிக்கைத் துரோகம், 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டத்துக்கும் அது ஒவ்வாது.

போலி மதிப்புரை எழுத ஆள் பிடிப்பதும், ஆதாரமில்லாமல் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் கருப்பட்டி’ என்று எழுதுவதும் இந்த உழைப்பு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்த்துவிடும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதமும் இருக்கிறது.

படி 7: மாதம் ஒரு முறை எண்ணுங்கள்

லைக்கும் ஃபாலோவரும் எண்ண வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றை முதலில் எண்ணாதீர்கள். இந்த மாதம் மறுபடி வாங்கியவர் எத்தனை பேர், தானாக அழைத்து ஏதாவது சொன்னவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பப் பதில் போனது, அவர்கள் சொன்னதால் எது மாறியது. இவை நோட்டின் ஒரே பக்கத்தில் அடங்கும். பதில் போகாதவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அடுத்த திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அவர்களுக்கு போன் பண்ணுங்கள்.